இரண்டு புள்ளி நான்கை அணைத்தோம்

எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டும். அந்த வாயை வைத்துக்கொண்டும் ஒரு மண்ணும் செய்ய முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய ஊர்க்காரி. வேலை பார்ப்பது இடுக்கியில். பீர்மேட்டுப் பக்கம், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் கிடக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் நெட்வொர்க் என்ஜினீயர். பெயர்தான் பெரிது. கூரைமேல் ஏறி வயர் இழுப்பதும், குரங்கு பிய்த்துப் போட்ட பெட்டியைத் திரும்ப மாட்டுவதும், "மேடம், நெட் இல்ல" என்று யார் கத்தினாலும் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும்தான் வேலை.

சுற்றிலும் மலை என்பதால் வளாகத்துக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. மேலே ரோட்டுக்கு ஏறி ஜங்ஷன் வரைக்கும் நடந்தால்தான் போனில் ஒரு கோடாவது தெரியும். அதனால் உள்ளே இருப்பவர்களுக்கு வெளியுலகம் என்றால் எங்கள் வைஃபைதான். பாடம், பரீட்சை, வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசுவது எல்லாம் அதிலேதான். வைஃபை போனால் ஹாஸ்டலே இழவு வீடு மாதிரி ஆகிவிடும்.

அந்த வைஃபையை மொத்தமாக மாற்றப் போவதாக முடிவானது. வைஃபையைப் பரப்பும் பழைய பெட்டிகள் எல்லாம் போய்ப் புதுப் பெட்டிகள் வரும். அதில் எந்தெந்த வகைப் போன்களை இணைய விடுவது, எதை விடக்கூடாது என்று தீர்மானிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். எலக்ட்ரானிக்ஸ் பேராசிரியர் ஒருவர் தலைவர். பெட்டி விற்கும் கம்பெனியிலிருந்து ஒரு ஆள். அப்புறம் நான். முடிவெடுப்பது அவர்கள், எடுத்த முடிவைப் பெட்டியில் ஏற்றுவது நான்.

விஷயம் இதுதான். வைஃபை இரண்டு அலைவரிசையில் பேசும். ஒன்று, இரண்டு புள்ளி நான்கு கிகாஹெர்ட்ஸ். மெதுவானது, ஆனால் தூரம் போகும், எங்கள் ஹாஸ்டலின் கருங்கல் சுவரையும் தாண்டும். இன்னொன்று ஐந்து. வேகமானது, ஆனால் பழைய போன்களுக்கு அது காதிலேயே விழாது. எல்லாரும் மெதுவானதில் வந்து முட்டிக்கொண்டால் மொத்த வளாகமும் திணறும். குட்டிக்கானம் ஏற்றத்தில் லோடு லாரி ஒன்று முன்னால் போனால் பின்னால் வரும் பஸ், ஜீப், கார் எல்லாம் அதன் வேகத்தில்தானே போக முடியும்? அதேதான். லாரியையே ரோட்டில் விடாதே என்றான் கம்பெனி ஆள். இரண்டு புள்ளி நான்கை அடியோடு அணைத்துவிட்டு, ஐந்தை மட்டும் வைத்து, புதுப் பாதுகாப்புப் பூட்டும் போட்டுவிடலாம் என்றான்.

பேராசிரியர் அதற்கு உடனே தலையாட்டினார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். முந்தின வருஷம் அவருடைய கடைசி வருஷ மாணவன் ஒருவன் ஆன்லைனில் வேலைக்கான இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்தபோது, பாதியில் படம் உறைந்து நின்றுவிட்டது. மறுபடி இணைந்தபோது அந்தப் பக்கம் ஆளே இல்லை. அந்த வேலை போனது. அந்தப் பையன் லேபில் குனிந்து உட்கார்ந்திருந்ததை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர். "இனி என் பிள்ளை ஒருத்தனுக்கும் அப்படி ஆகக் கூடாது" என்று கமிட்டியில் மேஜையைத் தட்டிச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

முடிவெடுக்கும் முன்னால் கருத்துக் கேட்கிறோம் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு பெண் மட்டும் என் அறை வாசலில் வந்து நின்றாள். செருப்பை வராந்தாவில் கழற்றி விட்டுவிட்டு, வெறுங்காலோடு நின்றாள். எஸ்டேட் ஆபீஸ் வாசலில் அப்பா அம்மா கழற்றியதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"மொதல்ல போய்ச் செருப்பை மாட்டிக்கிட்டு வா. இதென்ன கோயிலா?" என்றேன்.

பயந்துபோய் மாட்டிக்கொண்டு வந்தாள். கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. சாந்தன்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில் வீடு. அப்பா இல்லை. அம்மா தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. இத்தனையும் நான் அதட்டி அதட்டிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

"பழைய போன் இனிமே எடுக்காதுன்னு சொல்றாங்க மேடம். நெசமா?"

"உன்ற போனைக் கொண்டா பாக்கலாம்."

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். யாரோ அக்கா வைத்திருந்து கைமாறி வந்தது. அதற்கு இரண்டு புள்ளி நான்கு மட்டும்தான் தெரியும். வேறொன்று வாங்கிக்கொள்ளேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்லவேளை, முழுங்கிவிட்டேன்.

"எனக்குப் பாடம் எறக்கறதுக்கெல்லாம் வேண்டாம் மேடம். அதுக்கு லேப்ல கம்ப்யூட்டர் இருக்கு. எங்கம்மா போடுற வாய்ஸ் வந்தாப் போதும்" என்றாள்.

அவர்கள் லயத்திலும் சிக்னல் கிடையாதாம். வேலை முடிந்து வரும் வழியில் ஒரு வளைவில் மட்டும் கிடைக்குமாம். அம்மா சாயங்காலம் அங்கே நின்று, வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு செய்து அனுப்புவாராம். இவள் இங்கே கேட்டுவிட்டுப் பதில் பேசி அனுப்புவாள். அதை அம்மா மறுநாள் சாயங்காலம் அதே வளைவில் வந்து நின்று கேட்பார். நேராகப் பேசிக்கொள்வதே கிடையாது. எழுதத் தெரியாததால் எல்லாம் குரல்தான்.

"எங்கம்மா என்னையக் கேக்காம ஒண்ணும் செய்யாது மேடம். அப்பா போனதுலருந்து அப்படித்தான். பல்லு வலின்னாக்கூட, ஆஸ்பத்திரிக்குப் போகவா மாத்திரை போடவான்னு எனக்கு வாய்ஸ் போட்டுட்டுக் காத்துக் கெடக்கும். நான் போம்மான்னு சொன்னாத்தான் போகும்."

"அவ்வளவு பயமா?" என்று சிரித்துவிட்டேன்.

"பயம்னு இல்ல மேடம். ஒரு தடவ ஆஸ்பத்திரியில மலையாளத்துல என்னமோ கேட்டுருக்காங்க. இது என்னமோ சொல்லியிருக்கு. நாள் முழுக்க வேற ஒரு வரிசையில நின்னுட்டு, சுள்ளுன்னு ஒரு பேச்சு வாங்கிட்டுத் திரும்பி வந்துருச்சு. அதுலருந்து நான் எந்த டாக்டரு, எந்த ரூமு, என்ன சொல்லணும்னு வாய்ஸ் போட்டாத்தான் கெளம்பும். நாலு தடவ போட்டுக் கேட்டுக்கிட்டே போகும்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் பேசறேன் கண்ணு. நீ போய் வேலையப் பாரு" என்று அனுப்பினேன்.

பழைய போன்கள் எத்தனை என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று கமிட்டியில் வாதாடி வாங்கினேன். அதுவரைக்கும் நான் கெட்டிக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த வாரம் என்பதைப் பேராசிரியர் முடிவு செய்தார். பங்குனியில், இன்டர்னல் பரீட்சை முடிந்த அடுத்த வாரம். அவர் வஞ்சகமாகச் செய்யவில்லை. பரீட்சை இல்லாத வாரம், தொந்தரவு இருக்காது என்று நினைத்தார், அவ்வளவுதான்.

எண்ணிக்கை வந்ததைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். பழைய போன்கள் விரல்விட்டு எண்ணிவிடலாம் போல இருந்தன. இதெப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, மதியம் மெஸ்ஸில் சோறு அண்டா அண்டாவாக மிஞ்சிக் கிடந்தது. சமையல்காரரிடம் கேட்டேன். "எஸ்டேட் பிள்ளைங்க யாரு இருக்கா? மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லாம் லயத்துக்குப் போயாச்சே" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். ஓணத்துக்குப் போகாவிட்டாலும் போகமாட்டார்கள், கிறிஸ்துமஸுக்கு இங்கேயே கிடப்பார்கள், ஆனால் எஸ்டேட் கோயிலில் மாரியம்மனுக்குக் கொடி ஏறிவிட்டால் அட்டெண்டன்ஸ் ஆவது மண்ணாவது, ஜீப் பிடித்துப் போய்விடுவார்கள். பழைய போன் வைத்திருக்கிற பிள்ளைகள் மொத்தமாக ஊரில் கும்மி கொட்டிக்கொண்டிருந்த வாரத்தில், பழைய போன் எத்தனை என்று நாங்கள் இங்கே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கமிட்டியில் எழுந்து நின்றேன். சாதாரணமாக அங்கே மலையாளத்தில்தான் பேசுவேன். கோபம் வந்தால் மலையாளம் ஓடிப்போய்விடும், எங்கள் ஊர்ப்பேச்சு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"சார், இந்தக் கணக்கு செல்லாதுங்க. எஸ்டேட் பிள்ளைங்க யாருமே இந்த வாரம் இங்க இல்லீங்க. மாரியம்மன் நோம்பிக்குப் போயிட்டாங்க. இன்னொரு வாரம் எண்ணோணும்."

கம்பெனி ஆள் பல்லைக் காட்டினான். "டேட்டா டேட்டாதான் மேடம்" என்றான்.

"உங்க டேட்டாவக் கொண்டுபோய் அடுப்புல வைங்க" என்றேன்.

பேராசிரியர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். லீவு போடாமல் திருவிழாவுக்குப் போன பிள்ளைகளுக்காக மொத்த வளாகமும் இன்னும் ஒரு வருஷம் திணற வேண்டுமா என்று கேட்டார். கோடை விடுமுறையில் வேலையை முடிக்காவிட்டால் கம்பெனி அடுத்த வருஷம்தான் வரும் என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, தமிழ்ப் பிள்ளைகள் விஷயம் என்றால் மேடத்துக்குச் சூடு கொஞ்சம் ஜாஸ்தி என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் அது நெட்வொர்க் பற்றிய பேச்சாக இல்லை, தமிழச்சியின் பேச்சாக ஆகிவிட்டது.

விடவில்லை நான். ஹாஸ்டலில் மட்டும் இரண்டு புள்ளி நான்கைத் தனிப் பெயரில், வேகத்தைக் குறைத்து வைக்கலாம் என்றேன். பழைய போன்களுக்குப் புதுப் பூட்டு ஏறாது, ஒரு கதவை இப்படித் திறந்து வைத்தால் திருடன் அதன் வழியாகத்தான் வருவான் என்றார் பேராசிரியர். அதுவும் பொய்யில்லை. அந்தப் பேச்சு நீண்டு நீண்டு, கடைசியில் ஒரு எலும்புத் துண்டு போட்டார்கள். நூலகத்தின் வாசிப்பு அறையில் மட்டும் ஒரே ஒரு பெட்டியில் பழையது இருக்கட்டும். வேண்டியவர்கள் அங்கே வந்து உபயோகிக்கட்டும்.

இராத்திரி வீட்டுக்காரரிடம் போனில் புலம்பினேன். அவர் ஊரில் தென்னை விவசாயம் பார்க்கிறவர், நிதானமான ஆள். "ஒண்ணுமே இல்லாததுக்கு அதாச்சும் குடுத்தாங்கல்ல. நீ சும்மா கத்திக் கத்தித் தொண்டையக் கெடுத்துக்காத" என்றார்.

"உங்களுக்கென்னங்க, தேங்கா கேள்வி கேக்குதா, கமிட்டி போடுதா?" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

விடுமுறையில் புதுப் பெட்டிகள் மாட்டினோம். ஜூனில் பள்ளிக்கூடங்கள் திறக்கிற மழையோடு எங்கள் வளாகமும் திறந்தது. ஹாஸ்டலிலும் வகுப்புகளிலும் இரண்டு புள்ளி நான்கு அணைந்தது. சும்மா சொல்லக் கூடாது, நெட் பறந்தது. எதிரில் வருகிறவர்கள் எல்லாம் "அடிபொளி மேடம்" என்றார்கள். ஒரு வருஷமாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பேராசிரியரின் மாணவர்கள் இருவருக்கு இன்டர்வியூ தடங்கல் இல்லாமல் நடந்து வேலை கிடைத்தது. அவர் என் அறைக்கு வந்து லட்டு கொடுத்தார். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்ணிடம் நூலகத்து ஏற்பாட்டை முன்னமே சொல்லியிருந்தேன். "அது போதும் மேடம். சாயங்காலம் அங்கதான் இருப்பேன்" என்றாள். அப்படியே இருந்தாள். நூலகப் பெட்டியைப் பார்க்கும் சாக்கில் போகும்போதெல்லாம் ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் அவளைப் பார்ப்பேன். காதில் வயரைச் சொருகிக்கொண்டு, புத்தகத்தைப் பார்த்தபடி தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள். "என்ன கண்ணு, அம்மா என்ன சொல்றாங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "பக்கத்து வீட்டுக் கோழி எங்க வீட்டுல முட்டை போட்டுருச்சாம். குடுத்துரவா வச்சுக்கவான்னு கேக்குது" என்றாள். இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்து நூலகரிடம் முறைப்பு வாங்கினோம்.

கர்க்கடகம் பிறந்தது. இந்தப் பக்கம் ஆடி மழை என்றால் சொல்லத் தேவையில்லை. அந்த வாரக் கடைசியில் நான் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை திரும்புவதற்குள் ரெட் அலர்ட் போட்டுவிட்டார்கள். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. வளாகத்துக்கு விடுமுறை. ஊருக்குப் போக முடியாத பிள்ளைகள் ஹாஸ்டலுக்குள்ளேயே. வெளியே போகக் கூடாது என்று கேட்டைப் பூட்டிவிட்டார்கள். நூலகமும் பூட்டு.

நூலகம் பூட்டினால் அந்த ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் போக முடியாது என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் மழையே இல்லை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் வீசிக்கொண்டிருந்தது. வீட்டில் உட்கார்ந்து போனைத் திறந்து வளாகத்து நெட்வொர்க்கைப் பார்ப்பேன். எல்லாப் பெட்டியும் பச்சை. மழையிலும் ஒரு பெட்டி விழவில்லையே என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். இணைந்தவர்களைத்தான் அந்தத் திரை காட்டும். இணைய முடியாதவள் அதில் எங்கேயும் இருக்க மாட்டாள்.

அவள் சும்மா இருக்கவில்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அறைத்தோழியின் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். லயத்தில் சிக்னல் இல்லையே, எங்கே போய் மணி அடிக்கும்? அதிலிருந்தே ஒரு வாய்ஸும் போட்டிருக்கிறாள், ஆனால் தெரியாத நம்பரிலிருந்து வருவதை அம்மா திறக்கவே மாட்டாராம். தோழியின் போனில் தன் வாட்ஸ்அப்பை ஏற்றப் பார்த்திருக்கிறாள். அதற்கு எண்ணுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வர வேண்டும். பள்ளத்தில் ஏது எஸ்.எம்.எஸ்.? வார்டனிடம் போய், கேட்டைத் திறந்துவிடுங்கள், ஜங்ஷன் வரை போய் வருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். ரெட் அலர்ட்டில் பெண்பிள்ளையை எப்படி வெளியே விடுவேன் என்று வார்டன் மறுத்திருக்கிறார். அவர் செய்ததும் சரிதான். நெட் பிரச்சினை என்றால் ஆன்லைனில் புகார் கொடு என்று சொல்லியிருக்கிறார். தோழியின் போனிலேயே கொடுத்திருக்கிறாள். முன்பெல்லாம் புகார் என்னிடம் வரும். புதுப் பெட்டி வந்த பிறகு அது கம்பெனியின் உதவி மையத்துக்குப் போகிறது. எங்கேயோ ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்த ஒரு புண்ணியவான், 'உங்கள் கருவி ஆதரிக்கப்படுவதில்லை' என்று பதில் போட்டுப் புகாரை முடித்துவைத்துவிட்டான்.

என் நம்பரை வார்டனிடம் கேட்டிருக்கலாமே கண்ணு என்று பிறகு கேட்டேன். "வீட்டுக்குப் போயிருக்கறவங்களை எப்படி மேடம் தொந்தரவு பண்றது?" என்றாள்.

மழை விட்டு, பாதை திறந்து, நான் வந்து இறங்கிய அன்று வார்டன் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். முந்தின நாள் காலையில் ஆபீஸ் லேண்ட்லைனுக்கு அவளுடைய சித்தி கூப்பிட்டிருந்தாராம். அம்மாவுக்கு எலிக்காய்ச்சல், இங்கே எலிப்பனி என்பார்கள். பக்கத்து லயத்துப் பெண்கள் பார்த்து, ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தது. இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஊசியில் சரியாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கல்லூரி ஜீப்பில் அந்தப் பிள்ளையை அனுப்பிவைத்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை.

நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை. எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை, முடித்தபோது வராந்தாவில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எலிப்பனிக்கு வைஃபை என்ன மேடம் செய்யும்?" என்றார். ஏளனமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குப் புள்ளைகிட்டக் கேட்டுக்கிட்டு நின்னிருக்குமுங்க சார். அந்தக் கேள்வி நம்ம வாசல்ல வந்து நின்னுருக்குமுங்க. நாமதான் உள்ள விடல."

அடுத்த கமிட்டியில் பேசலாம் என்றார். அடுத்த கமிட்டி கூடியது. வளாகத்தின் வேகம் பல மடங்கு கூடியதைப் பாராட்டித் தீர்மானம் போட்டார்கள். ஹாஸ்டலிலும் இரண்டு புள்ளி நான்கு வேண்டும் என்ற என் பேச்சை அடுத்த வருஷம் பரிசீலிக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். என்னை அவர்கள் பேசவிட்டார்கள், அது மட்டும் உண்மை. துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்து அவள் திரும்பி வந்தாள். என் அறைக்கு வந்தபோது செருப்போடுதான் வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. என்ன சொல்லித் தேற்றுவது? நாலு வார்த்தை ஒழுங்காகப் பேச வராத இடத்தில் இத்தனை நீள வாய் எதற்கு? நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

"ஊருல இருந்தப்ப இந்தப் போனை நான் தொறக்கல மேடம். அங்க வச்சுத் தொறக்க முடியல" என்றாள். "இங்க ஒருக்க நெட்டு எடுத்துக் குடுக்குறீங்களா? லைப்ரரில எல்லாரும் இருக்காங்க."

என் மேஜைக்கு மேலே ஒரு பெட்டி இருக்கிறது. யாரையும் கேட்கவில்லை. அதில் இரண்டு புள்ளி நான்கைப் போட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகாத வேலை. இந்த இரண்டு நிமிஷ வேலைக்காகத்தான் அத்தனை மீட்டிங், அத்தனை சண்டை.

போன் அவள் கையில் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. வரிசையாக வந்து விழுந்தன. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "இருங்க மேடம்" என்று கையைப் பிடித்தாள். காதில் வயரைச் சொருகவில்லை. அப்படியே போட்டாள்.

மழைச்சத்தத்துக்கு நடுவே ஒரு குரல். கரகரவென்று, ஆனால் கலகலப்பாக. "பாப்பா, சாப்பிட்டியா? இங்க மழை ஊத்துது. எனக்கு மேலுக்கு முடியல, காச்சலாட்டம் இருக்கு. மாத்திரை போட்டுக்கவா?"

அடுத்தது. "பாப்பா, கெண்டக்காலு ரெண்டும் வலி உயிரு போகுது. கண்ணெல்லாம் செவந்து கெடக்குன்னு பக்கத்து வீட்டுல சொல்றாக. பெரியாஸ்பத்திரிக்குப் போகட்டுமா? எந்த ரூமுன்னு சொல்லு."

அதற்கடுத்தது குரலே மாறியிருந்தது. மூச்சு வாங்கியது. அந்த மழையில், அந்தக் காய்ச்சலில், இதை அனுப்ப வேண்டி அவர் அந்த வளைவு வரைக்கும் நடந்து வந்திருக்கிறார். "ஒத்த டிக்குதான் நிக்குது பாப்பா, ரெண்டு டிக்கு வரல. பரீட்சை போலருக்கு. ஒண்ணும் அவசரமில்ல, நீ படி. நீ சொன்ன பெறகு போய்க்கிறேன்."

அதற்குப் பிறகு எதுவும் இல்லை. நான் அழுதுவிட்டேன். மறைக்கக்கூட முயலவில்லை. அவள் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு போனை வாயருகே கொண்டுபோய்ப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"போம்மா, ஒடனே போ. நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போ. உள்ள போனதும் வலது கைப்பக்கம் ரெண்டாவது ரூமு. காச்சல், கெண்டக்காலு வலி, கண்ணு செவப்பு, இந்த மூணையும் சொல்லு. தமிழ்லயே சொல்லு, அவங்களுக்குப் புரியும்" என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினாள்.